தகர டின் கற்பித்த பாடம்

மணப்பாறை என்றவுடன் வெளியூரார்க்கு நினைவு வருவன இரண்டு. ஒன்று மாட்டுச் சந்தை, மற்றொன்று முறுக்கு. திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையில் வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள் ஓடி ஓடி விற்றவர்களால் நம் ஊர் முறுக்கு நாடறிந்த பண்டமாயிற்று. 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அம்முறுக்கைச் சுட்டுப் பிழைக்கும் குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. ஆயினும் இக்கட்டுரை முறுக்கைப் பற்றியதன்று. கணிப்பொறித் துறையில் ‘கொள்கலன்’ என்று வழங்கும் ஒரு தொழில்நுட்பத்தைக் கற்கப் போய், என் அன்னையின் 47 நாள் கணக்கை நானே அழித்த கதை இது. என் போன்ற மாணவர்க்குப் பயன்படும் என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு எரியும். அரிசி மாவும் உளுந்து மாவும் கலந்து பிசைந்து, பிழிந்து, முதலில் அரைவேக்காடாகச் சுட்டு எடுப்பார்கள். ஆறியபின் மீண்டும் எண்ணெயில் இட்டு எடுப்பார்கள். அந்த இரட்டைச் சூட்டில்தான் மொறுமொறுப்பு பிறக்கிறது. பிறகு தகர டின்களில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புவோம். காலி டின் திரும்பி வரும். கழுவிக் காய வைத்து மறுபடியும் நிரப்புவோம். எந்தக் கடைக்கு எத்தனை டின் போயிற்று, எத்தனை திரும்பிற்று, பாக்கி எவ்வளவு என்பவற்றை அம்மா ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம், கணிப்பொறியியல் படிக்கும் மகனுக்கு மனம் உறுத்தாதா?

இரண்டாம் ஆண்டில் பைத்தான் மொழி கற்றவுடன், அந்தக் கணக்கை எழுத ஒரு நிரல் செய்தேன். அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினியே என் பட்டறை. அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருந்தேன். கடைப் பெயர், சரக்கின் பெயர், தொகை எல்லாம் தமிழிலேயே வரும்படி அமைத்தேன். வீட்டில் நன்றாக ஓடிற்று. அதையே பருவத்திட்டமாக ஒப்படைக்க எண்ணி, நிரலை விரலளவு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே ‘முறுக்கு’ என்ற சொல்லை அச்சிட வேண்டிய இடத்தில் பிழைச்செய்தி வந்து நிரல் நின்றுவிட்டது. “வீட்டில் ஓடியது ஐயா” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. கணிப்பொறி படிப்பவர் எவரும் ஒரு நாளேனும் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் அது.

காரணம் பின்னர் விளங்கிற்று. ஆய்வகக் கணிப்பொறியில் இருந்தது பைத்தானின் 3.6 பதிப்பு. மொழிச்சூழலும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்ததாக அமைந்திருந்தது. அத்தகைய சூழலில் அப்பதிப்பு யூனிகோடு தமிழை வெளியிட மறுத்துவிடும். 2018இல் வந்த 3.7 பதிப்பில்தான் இக்குறை பெரும்பாலும் நீங்கிற்று. என் மடிக்கணினியில் இருந்ததோ அதற்கும் பிற்பட்ட பதிப்பு. எங்கள் பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “நிரல் சரியாகத்தான் இருக்கிறது தம்பி. அது பழகிய வீடு இங்கே இல்லை. நிரலை மட்டும் தூக்கி வராதே, வீட்டையும் சேர்த்துத் தூக்கி வரக் கற்றுக்கொள்” என்றார். அன்று மாலையே டாக்கர் என்னும் பெயரை அவர் வாயிலாக முதன்முறை கேட்டேன்.

கொள்கலன் என்னும் சொல் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26ஆம் நாள் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 உலோகப் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன் மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக ஆட்கள் ஏற்றி இறக்க வேண்டும். ஒரே அளவுப் பெட்டி வந்தபின், உள்ளே இருப்பது துணியா இயந்திரமா என்று பாரந்தூக்கி கவலைப்படத் தேவையில்லாமற் போயிற்று. நம் சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கொள்கலன் முனையம் தொடங்கப்பட்டது. மென்பொருளையும் இவ்வாறே, அதற்கு வேண்டிய நூலகங்கள், அமைப்புகள், பதிப்புகள் எல்லாவற்றோடும் ஒரு பெட்டியில் அடைத்தால் எந்தக் கணிப்பொறியிலும் இறக்கலாமன்றோ? இதுவே கருத்து.

கருத்து ஒரே நாளில் பிறந்துவிடவில்லை. 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ‘சிஎச்ரூட்’ என்னும் ஏற்பாடு, ஒரு நிரலுக்குக் கோப்புகளின் ஒரு பகுதியை மட்டுமே உலகமாகக் காட்டியது. 2000ஆம் ஆண்டில் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளம் ‘ஜெயில்’ என்னும் சிறையமைப்பைத் தந்தது. 2006இல் கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய பணி, 2008இல் ‘சிகுரூப்’ என்ற பெயரோடு லினக்ஸின் கருவில் சேர்ந்தது. எந்த நிரல் எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் உண்ணலாம் என்று அது அளந்து கொடுக்கும். ‘நேம்ஸ்பேஸ்’ என்னும் மற்றோர் ஏற்பாடு, ஒவ்வொரு கொள்கலனுக்கும் தனிக் கோப்பு முறை, தனி வலையமைப்பு, தனிச் செயல் எண் என்று பிரித்துக் காட்டும். இவற்றையெல்லாம் எளிய கட்டளைகளால் எவரும் ஆளும்படி செய்த கருவிதான் டாக்கர். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் பைத்தான் மாநாடு ஒன்றில் ஐந்து நிமிடச் சிற்றுரையில் அதை உலகுக்குக் காட்டினார்.

கொள்கலன் வேறு, மெய்நிகர்க் கணிப்பொறி வேறு. மெய்நிகர்க் கணிப்பொறி என்பது வீட்டுக்குள் இன்னொரு வீட்டை அடித்தளத்திலிருந்து கட்டுவது. அதற்குத் தனி இயங்குதளம் முழுவதும் வேண்டும். கொள்கலன்களோ ஒரே கருவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே கூரையின்கீழ்த் தடுப்புச் சுவர் வைத்த அறைகளைப் போன்றவை. நான்கு ஜிகாபைட் நினைவகமுள்ள என் மடிக்கணினியில் மெய்நிகர்க் கணிப்பொறியை ஓட்டியபோது சுட்டி நகர்வதே அரிதாயிற்று. கொள்கலனோ ஓரிரு நொடியில் எழுந்து நின்றது.

இக்கருவியைக் கையாள அழகிய படங்களும் பொத்தான்களும் தேவையில்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டினால் போதும். முதலில் ‘டாக்கர்ஃபைல்’ என்றொரு கோப்பு எழுத வேண்டும். அது ஒரு பக்குவக் குறிப்பு. எந்த அடிப்படையிலிருந்து தொடங்குவது என்பதை ‘ஃப்ரம்’ என்ற வரியும், எந்தக் கோப்புகளை உள்ளே வைப்பது என்பதை ‘காப்பி’ என்ற வரியும், எவற்றை நிறுவுவது என்பதை ‘ரன்’ என்ற வரியும் சொல்லும். ‘டாக்கர் பில்ட்’ என்று கட்டளையிட்டால் அக்குறிப்பின்படி ஒரு படிமம் உருவாகும். ‘டாக்கர் ரன்’ என்றால் அப்படிமத்திலிருந்து உயிருள்ள கொள்கலன் ஒன்று எழும். ‘டாக்கர் பிஎஸ்’ ஓடிக்கொண்டிருப்பவற்றைக் காட்டும். ‘டாக்கர் லாக்ஸ்’ ஒரு கொள்கலன் என்ன பேசியது என்று சொல்லும். ‘டாக்கர் ஸ்டாப்’ நிறுத்தும். ‘டாக்கர் ஆர்எம்’ நீக்கும். இந்த ஏழெட்டுச் சொற்களைக் கொண்டே பெரும்பாலான வேலையை நடத்திவிடலாம்.

என் முதல் தவறு பணத்தைத் தின்றது. பைத்தானுக்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் முழுப் படிமம் விரித்து வைத்தால் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் இருக்கும். ‘ஸ்லிம்’ என்னும் மெலிந்த வடிவமோ அதில் ஏழில் ஒரு பங்கு அளவே. இதை அறியாமல் கைப்பேசியின் இணையத்தைக் கொண்டு பெரியதை இறக்கினேன். அன்றைய இணைய ஒதுக்கீட்டின் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. அதோடு நிற்கவில்லை. நிரலில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும், நூலகங்கள் அனைத்தும் மீண்டும் இணையத்திலிருந்து இறங்கின. ஏன் என்று இரண்டு நாள் விழித்தேன்.

விடை எங்கள் அடுப்படியில் இருந்தது. படிமம் அடுக்கடுக்காக அமைவது. குறிப்பின் ஒவ்வொரு வரியும் தன் அடுக்கை முன்னதன்மேல் வைக்கும். ஒரு வரி மாறினால் அதற்குப் பின்வரும் அடுக்குகள் யாவும் புதிதாகக் கட்டப்படும். முந்தியவை சேமிப்பிலிருந்து அப்படியே எடுக்கப்படும். மாவில் உப்பு குறைந்தால் பிசைவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இரண்டாம் சூட்டில் மட்டும் குறையென்றால், அரைவேக்காட்டு முறுக்கு தட்டில் காத்திருக்கிறது. அதை எடுத்துப் போட்டால் போதும். நானோ, அடிக்கடி மாறும் என் நிரலை முதலில் வைத்து, மாறாத நூலகங்களைப் பின்னால் வைத்திருந்தேன். வரிசையை மாற்றினேன். நூலகப் பட்டியலை முதலில் உள்ளே வைத்து நிறுவிவிட்டு, நிரலைக் கடைசியில் வைத்தேன். அதன்பின் திருத்தம் எதுவானாலும் சில நொடிகளில் முடிந்தது.

மற்றொரு நாள், கொள்கலன் ஓடுகிறது என்று ‘டாக்கர் பிஎஸ்’ சொல்லியும், உலாவியில் பக்கம் திறக்கவில்லை. நிரல் 127.0.0.1 என்ற முகவரியில் செவிமடுத்துக்கொண்டிருந்தது. கொள்கலனுக்குள் அம்முகவரி அந்தக் கொள்கலனையே குறிக்கும். வெளியிலிருந்து கூப்பிடுபவர் குரல் அதன் காதில் விழாது. 0.0.0.0 என்று மாற்றி, வெளி வாயில் எண்ணையும் உள் வாயில் எண்ணையும் ‘பி’ என்னும் குறியால் இணைத்தவுடன் திறந்தது. அன்று முதல் அம்மா தன் கைப்பேசியிலிருந்தே கணக்கை ஏற்றத் தொடங்கினார். ஆய்வகத்திலும் அதே படிமம் ‘முறுக்கு’ என்று பிழையின்றி அச்சிட்டது. திட்டத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வாரத்தின் முடிவில் அம்மா ஒரு குறை சொன்னார். “ஏண்டா, புதன்கிழமை காலைல போட்ட சரக்கு செவ்வாய்க்கிழமையில ஏறியிருக்கே? சந்தைக் கணக்கே குழம்பிப் போச்சு பாரு.” நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்; உண்மை. காலை ஐந்தரைக்கு முன் ஏற்றியவை யாவும் முதல் நாளில் விழுந்திருந்தன. கொள்கலன் தானாக உலகப் பொதுநேரத்தைப் பின்பற்றும்; அது நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்தங்கியது. நான்கரை மணிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய் கொதிக்கும்போது, கொள்கலனுக்குள் முதல் நாள் இரவு பதினொரு மணி. பத்து மணிக்கு எழுந்து அலுவலகம் போகிறவர் வீட்டில் இப்பிழை கண்ணிலேயே பட்டிருக்காது. ‘டிஇசட்’ என்னும் சூழல் மாறியில் ‘ஆசியா/கொல்கத்தா’ என்று குறித்து, பழைய கொள்கலனை நீக்கிப் புதியதை ஓட்டினேன்.

பழையதை நீக்கியபோது அந்த ஒரு வாரக் கணக்கும் கூடவே போயிற்று. நோட்டு இருந்ததால் மீண்டும் தட்டச்சு செய்துவிட்டேன். கொள்கலனை நீக்கினால் கணக்கும் ஏன் போகிறது என்று அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. “இனி நோட்டு எதற்கு அம்மா? எல்லாம் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும்” என்று மட்டும் பெருமையாகச் சொன்னேன். படித்த பிள்ளை சொல்கிறானே என்று அம்மா நோட்டை மூடிப் பரணில் வைத்துவிட்டார்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. கடைகளிலிருந்து சரக்குக் கேட்டு விடாமல் அழைப்பு வந்த நேரம். ஒரு நாள் இரவு மின்சாரம் போயிற்று. மின்கலம் தேய்ந்திருந்த மடிக்கணினி அணைந்தது. காலையில் எழுப்பியபோது, வட்டில் இடமே இல்லை என்ற எச்சரிக்கை வந்தது. வகுப்புப் பயிற்சிக்காக நான் கட்டிப் போட்ட படிமங்கள் மலையாய்க் குவிந்திருந்தன. எங்கோ படித்த ‘டாக்கர் சிஸ்டம் புரூன்’ என்னும் கட்டளையைத் தட்டினேன். ஓடாமல் நிற்கும் கொள்கலன்கள் எல்லாம் நீக்கப்படும், தொடரலாமா என்று அது கேட்டது. கல்லூரிக்கு நேரமாகிவிட்டது, படிக்காமலே ‘ஒய்’ எழுத்தைத் தட்டினேன். மீட்ட இடத்தின் அளவைக் காட்டியது. மகிழ்ந்தேன்.

கணக்கு வைத்திருந்த கொள்கலன் மின்சாரம் போனதிலிருந்து நின்றுதான் இருந்தது. தானே மீண்டும் எழும்படி நான் அமைக்கவில்லை. நிற்கும் கொள்கலன் என்ற பட்டியலில் அதுவும் இருந்தது. கொள்கலன் ஓடும்போது எழுதுவன யாவும் படிமத்தின் மேலுள்ள ஒரு மெல்லிய எழுதத்தக்க அடுக்கில் விழும். கொள்கலன் நீங்கினால் அந்த அடுக்கும் நீங்கும். 11 கடைகளின் 47 நாள் கணக்கு அந்த அடுக்கில்தான் இருந்தது. கருவி எந்தப் பிழையும் செய்யவில்லை, சொன்னதைச் செய்தது. செய்வதற்கு முன் கேட்கவும் செய்தது.

அன்று மாலை அம்மாவிடம் சொல்ல நா எழவில்லை. சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, “டின்னக் கழுவறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற சரக்க எடுத்து வைக்கணும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமேடா” என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்து பரணிலிருந்து நோட்டை எடுத்தார். கைகழுவி உட்கார்ந்து, நினைவிலிருந்து கடை கடையாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரவு இரண்டு மணியாயிற்று. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கல்லூரிக்குப் போகாமல், ஒவ்வொரு கடையாகச் சென்று துண்டுச்சீட்டுகளைக் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலோர், “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி” என்று ஒப்புக்கொண்டனர். ஒருவர் மட்டும் அவ்வளவு பாக்கி இல்லை என்றார். எங்களிடம் சான்று இல்லை. 3,400 ரூபாய் போயிற்று. அது எத்தனை விடியற்காலையின் உழைப்பு என்று எனக்குத் தெரியும்.

அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இத்தொழில்நுட்பத்தின் சாரம் அடங்கியிருக்கிறது. டின் வேறு, சரக்கு வேறு. கொள்கலன் எந்நேரமும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுப்பத்தக்கது. அதுவே அதன் பெருமை. எறியக்கூடாத தரவை அதற்குள் வைக்கலாகாது. ‘வால்யூம்’ என்னும் தனிக் களஞ்சியத்தை உருவாக்கி, ‘வி’ என்னும் குறியால் அதைக் கொள்கலனோடு இணைக்க வேண்டும். கொள்கலன் போனாலும் களஞ்சியம் நிற்கும். புதிய கொள்கலன் வந்து அதையே திறந்துகொள்ளும். பெயரிட்ட களஞ்சியங்களை ‘சிஸ்டம் புரூன்’ தானாகத் தொடாது. தனியாகச் சொன்னாலன்றி அவை அழியா. மின்சாரம் போய் வந்தால் கொள்கலன் தானே எழும்படி ‘ரீஸ்டார்ட்’ என்னும் விதியையும் சேர்க்க வேண்டும். களஞ்சியம் இருக்கும் வட்டே கெட்டுப்போகலாம் என்பதால், ஒவ்வோர் இரவும் ஒரு பிரதியை வேறிடத்தில் வைக்க வேண்டும். இவை அனைத்தையும் இப்போது செய்திருக்கிறேன்.

இத்துறை மேலும் வளர்ந்துவிட்டது. 2014இல் கூகுள் வெளியிட்ட ‘குபர்நெட்டிஸ்’, ஆயிரக்கணக்கான கொள்கலன்களைப் பல கணிப்பொறிகளில் பரப்பி ஆள்கிறது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்பது பொருள். நம் பழந்தமிழில் மீகாமன் எனலாம். 2015இல் ‘ஓப்பன் கன்டெய்னர் இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பு தோன்றிப் படிமங்களுக்குப் பொது இலக்கணம் வகுத்தது. அதனால் டாக்கரில் கட்டிய படிமத்தை ரெட் ஹேட் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாட்மேன்’ என்னும் கருவியிலும் ஓட்டலாம். பின்னணியில் ஓயாது ஓடும் மேலாளர் நிரல் ஒன்றும் அதற்குத் தேவையில்லை. கட்டளைகளும் பெரும்பாலும் ஒன்றே. மாணவ நண்பர்கள் எதில் தொடங்கினாலும் கற்றது வீணாகாது. இவை கட்டற்ற மென்பொருள்கள். விலை கொடுக்க வேண்டியதில்லை. பழைய மடிக்கணினியும் பொறுமையும் இருந்தால் போதும். கறுப்புத் திரையைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் அது ஒரு கேள்வி கேட்டால், முழுவதும் படித்துவிட்டு விடை சொல்லுங்கள்.

அந்தத் தீபாவளிக்குச் சரக்குக் குறைவின்றிப் போயிற்று. அம்மா இப்போதும் கைப்பேசியில் கணக்கு ஏற்றுகிறார். கூடவே நீள நோட்டிலும் எழுதுகிறார். “ரெண்டு வேலை எதுக்கும்மா?” என்று நான் கேட்பதில்லை. நோட்டு தீர்ந்துபோகும் நாளில் புதிய நோட்டு வாங்கி வருவது இப்போது என் பொறுப்பு.